பாதி நனைந்த மணல்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த மழை ஐப்பசியில் பிடித்தது என்று நான் சொல்வேன். இல்லை, கார்த்திகை பிறந்துவிட்டது, மாலை போட்டவர்கள் நடமாட்டம் இருந்தது என்பார் கனி பாய். சுவர் வயிறு தள்ளி நின்றது என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் அதைப் பார்த்ததாகத் தெருவில் வேறு யாரும் சொல்வதில்லை. பின்னால் நடந்ததை வைத்து நானே மனத்துக்குள் அப்படி ஒரு சுவரை எழுப்பிக்கொண்டேனோ என்னவோ. பக்கத்து வீட்டு லின்சி தினமும் காலையில் சுவரடியில் மணலைக் கூட்டி அள்ளியதை மட்டும் நான் உறுதியாகப் பார்த்தேன்.

பொன்மலைக்குப் போகும் வழியில் ரயில் பாதைக்கு மேலே பாலம் கட்டியபோது, பாலத்துக்கு ஏறும் சாலைக்காக எங்கள் தெருவின் ஒரு பக்கம் முழுவதும் சுவர் வந்தது. மறுபக்கம் வீடுகள். தெரு என்று சொன்னாலும் சந்துதான். ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிற சைக்கிள்காரர் இறங்கி ஒதுங்க வேண்டும். கான்கிரீட் பலகைகளை அடுக்கடுக்காக நிறுத்தி, அவற்றுக்குப் பின்னால் மணலைக் கொட்டி இறுக்கி, அதன் உச்சியில் தார் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வாசல்கள் எல்லாம் அந்தச் சுவரைப் பார்த்தே திறந்தன. நான் முகம்மது கனி பாய் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பாய் சவுதியில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து, வீட்டு முன்னறையில் செருப்புக்கடை வைத்திருந்தார். மாடி ஜன்னலைத் திறந்தால் எனக்கு நேராகப் பஸ்கள் போகும். பஸ்ஸில் இருப்பவர்கள் என் அறைக்குள் பார்ப்பார்கள். நான் படித்துக்கொண்டிருப்பேன். எத்தனையோ முகங்கள் அப்படிக் கடந்துபோயிருக்கின்றன.

எங்களுக்கு அடுத்த வீடு ஸ்டீபன்ராஜுடையது. அவர் ரோலர் ஓட்டுநர். அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் மணலை உருட்டி இறுக்கியவர் அவரேதான். வேலை நடந்த அந்தக் கோடையில் வீட்டு வாசலில் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வண்டியில் ஏறிவிடுவார். சுவரை ஒட்டித் தகரம் போட்டு இட்லிக்கடை நடத்திய அற்புதம்மாள் அவரை விடமாட்டார்.

"ஊருல எல்லாரும் வேலைக்குப் போவாங்க. இந்தத் தம்பிக்கு மட்டும் வேலை வீடு தேடி வருது."

"வேலை மட்டுமா வருது, புழுதியும்தான் வருது. உங்க சட்னிக்கு அதானே ருசி" என்பார் ஸ்டீபன்ராஜ்.

வேலை எனக்குப் பார்க்கப் பிடித்திருந்தது. டிப்பர் லாரிகள் கொள்ளிடக்கரைப் பக்கமிருந்து மணல் கலந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அதைப் பரப்பி, தண்ணீர் லாரியை வைத்து நனைத்து, ரோலரை ஏற்றுவார்கள். ஒரு அடுக்கு முடிந்ததும் அடுத்தது. ரோலர் வெறுமனே உருளுவதில்லை. உள்ளே எதுவோ படபடவென்று அடித்துக்கொள்ள, தரை அதிரும். மாடியில் என் தம்ளர் தண்ணீரில் வட்டங்கள் எழும். பாய் கடையில் செருப்புகள் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விழும். அற்புதம்மாள் கடையில் இட்லிக் குண்டான் அடுப்பில் நிற்காது.

"குண்டான் தானா நடந்து இறங்குது தம்பி. நான் அது பின்னாடி ஓடுவேனா, வந்தவங்களுக்குச் சாம்பார் ஊத்துவேனா?"

அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் லாரி வந்து நின்றால் பெண்கள் குடங்களோடு அதன் பின்னால் போய் நிற்பார்கள். மணலுக்கு ஊற்ற வந்த கிணற்றுத் தண்ணீர் அது. ஸ்டீபன்ராஜ் சொன்னால் லாரிக்காரர் குழாயைத் திறந்துவிடுவார். அற்புதம்மாள் டிரம்மையே உருட்டிக்கொண்டு போவார். குடங்கள் நிரம்பியபின் மிச்சம் இருப்பதை மணலில் பீய்ச்சுவார்கள். தெருவில் எல்லோரும் ஸ்டீபன்ராஜைத் தங்கமான பிள்ளை என்றார்கள். நானும் ஒரு குடம் பிடித்திருக்கிறேன்.

ஸ்டீபன்ராஜின் மனைவி லின்சி அப்போது கருவுற்றிருந்தாள். இரண்டு முறை கலைந்து, மூன்றாவது தங்கியிருந்தது. எழுந்து நடமாடக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கட்டில் வாசலறையில் கிடந்தது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆண்பிள்ளை. பாலம் திறந்து பஸ்கள் ஓட ஆரம்பித்தன. ஸ்டீபன்ராஜ் அதே காண்டிராக்டரிடம் ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் ஒரு சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பிறகு அந்த மழை.

விட்டு விட்டுப் பெய்யவில்லை, நின்று பெய்தது. சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த துளைகள் முதலில் சொட்டின, பிறகு ஒழுகின. ஒரு காலையில் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தபோது லின்சி சுவரடியில் குந்தி உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருந்தாள். பலகைகள் சேரும் இடுக்கிலிருந்து மாவு போல மணல் இறங்கியிருந்தது. அதை முறத்தில் அள்ளி வீட்டுக்குப் பின்னால் கொண்டு போனாள். மறுநாளும் கூட்டினாள். அதற்கடுத்த நாள் முறம் போதாமல் பிளாஸ்டிக் வாளி எடுத்து வந்தாள். சந்தில் யாரும் எழுந்து வருவதற்கு முன்னால் முடித்துவிடுவாள். முடித்தபின் இடுக்கில் விரலை வைத்துப் பார்ப்பாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் கை வைப்பது போல இருந்தது அது. பிறகு தலை நிமிர்ந்து சுவரின் உச்சி வரைக்கும் பார்ப்பாள்.

என்னையும் அது தொற்றிக்கொண்டது. புத்தகத்தை விரித்து வைத்தபடி பஸ்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஸ்டீபன்ராஜ் வீட்டுக்கு நேரே வரும்போது ஒவ்வொரு பஸ்ஸும் ஒரு தடவை குனிந்து எழுந்து போனது. உள்ளே இருந்தவர்களின் தலைகள் எல்லாம் ஒன்றாக ஆடின. அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. மழையால் ஸ்டீபன்ராஜுக்கு வேலை இல்லை. பூசை முடிந்து வந்து என்னையும் கனி பாயையும் சாப்பிடக் கூப்பிட்டார். எலும்புக் குழம்பும் இட்லியும்.

"கறி உங்க ஆளு கடையில வாங்கினதுதான் பாய். தைரியமா சாப்பிடுங்க" என்றாள் லின்சி.

"நீ சொன்னா சரிம்மா. போன தடவை எலும்பு மட்டும் எனக்கு வந்துச்சு, கறியெல்லாம் சார் தட்டுக்குப் போச்சு. அதான் யோசிக்கிறேன்."

ஸ்டீபன்ராஜ் சிரிக்கவில்லை. குழந்தை உத்தரத்தில் கட்டிய புடவைத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தியிருந்தார்கள். மழைச் சத்தத்துக்கு மேலே பஸ் போகும் சத்தம் கேட்டது. நான் பேச்சுக்காகத்தான் சொன்னேன்.

"உங்க வீட்டுக்கு நேரா மேல ரோடு இறங்கியிருக்கு போல. பஸ்ஸெல்லாம் ஒரு முங்கு முங்கி எழுந்து போகுது."

"ரோடுன்னா இறங்கத்தான் செய்யும்" என்றார் பாய். "இறங்கலைன்னாதான் நம்ம ஊரு ரோடான்னு சந்தேகம் வரணும்."

ஸ்டீபன்ராஜின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. குழம்பில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை.

"சொல்லுங்க" என்றாள் லின்சி. "நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன்."

"சாப்பிடறப்போ எதுக்கு."

"சாப்பாடு எங்க இறங்குது?"

அவர் பாயைப் பார்த்துத்தான் பேசினார்.

"பாய், களிமண்ணுன்னா எடை போதும். மேல ஏறி மிதிச்சா அடங்கிரும். மணலு அப்படி அடங்காது. எவ்வளவு கனத்த மேல வச்சாலும் பக்கத்துல விலகிக்கும். அத ஆட்டணும். அரிசி மூட்டைய தூக்கித் தட்டினா இறங்கி உக்காருதுல்ல, அந்த மாதிரி. ஆட்டினாத்தான் ஒரு மணி இன்னொரு மணியோட இடுக்குல போய் உக்காரும். ரோலர்ல அதுக்குத்தான் வைப்ரேஷன் இருக்கு."

"குண்டான் நடந்துச்சே, அதுவா?"

"அதேதான். அப்ப இவ படுத்திருந்தா. நான் வண்டியில உக்காந்திருக்கேன், இந்தக் கட்டில் ஆடறது எனக்குத் தெரியுது. ராத்திரி வந்தா வயித்தப் புடிச்சுக்கிட்டு அழறா. நிறுத்துங்க, இது தங்காது, நிறுத்துங்கன்னு. நான் என்ன பண்ணுவேன்? நம்ம வாசல்லேருந்து அக்கா கடை வரைக்கும் வரும்போது சுவிட்ச அமத்திருவேன். சும்மா உருட்டிட்டுப் போவேன். ஒவ்வொரு அடுக்குக்கும். மேல பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும் பாய். உள்ள பொலபொலன்னு கெடக்கும்."

"டெஸ்ட் எடுத்தாங்களேப்பா. நானே பாத்தேன். குழி தோண்டி, எடுத்த மண்ண எடை போட்டு, குழிக்குள்ள வேற மணல ஊத்தி அளந்துக்கிட்டிருந்தாங்க."

"டெஸ்ட் எடுக்க வந்தவரு எங்கண்ணே தோண்டலாம்னு என்னையே கேட்டாரு. இடத்த அவருதான் சொல்லணும். வெயில் அப்படி, அவருக்கும் நடக்க முடியல. நான் தெருமுனையக் காட்டினேன். அங்க நல்லா அடிச்சிருந்தேன். பாஸ் ஆயிருச்சு."

பாய் "யா அல்லாஹ்" என்றார், மூச்சு விடுவது போல.

"தண்ணியும்தான்" என்று ஸ்டீபன்ராஜ் தொடர்ந்தார். நிறுத்த முடியாதவர் போலப் பேசினார். "மணலு ஒண்ணு நல்லா காஞ்சிருக்கணும், இல்லன்னா முழுசா குளிக்கணும். பாதி நனைஞ்சா உப்பிக்கும். ஒட்டின மாதிரி காட்டும், நடுவுல எல்லாம் காத்து. பின்னாடி எப்ப நிறைய தண்ணி இறங்குதோ அன்னிக்கு அது அப்படியே உள்ளுக்குள்ள விழும். இப்ப இறங்குது."

கதவு திறந்தது. அற்புதம்மாள் நனைந்த முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். இட்லிப் பாத்திரத்தை வாங்கிப் போக வந்தவர். எவ்வளவு நேரமாக வெளியே நின்றார் என்று தெரியவில்லை.

"அப்ப நாங்க பிடிச்ச தண்ணி?" என்றார்.

ஸ்டீபன்ராஜ் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"சொல்லு தம்பி. டிரம் டிரம்மா உருட்டினேனே."

"அதுவும்தான்க்கா."

அற்புதம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது மேலே பஸ் ஒன்று போனது. யாரும் தொடாமல் தூளி அசைந்தது. மெதுவாக, ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. நாங்கள் ஐந்து பேரும் அதையே பார்த்தோம். குழந்தைக்கு அது பழகியிருக்க வேண்டும். முஷ்டியை வாயில் வைத்துக்கொண்டு தூங்கியது.

"எவ்வளவு நாள் தாங்கும்?" என்று பாய் கேட்டார்.

"தெரியல பாய். அடுத்த பஸ்ஸுக்கும் வரலாம். வராமயே நிக்கவும் நிக்கலாம். இன்னிக்குத்தான் வரும்னு தெரிஞ்சா ஓடிறலாம். அது தெரியாமதான் நாலு ராத்திரியா உக்காந்திருக்கேன்." பிறகு லின்சியிடம் சொன்னார்: "நீ புள்ளையத் தூக்கிக்கிட்டு மண்ணச்சநல்லூர் போ. உங்க அண்ணன் வீட்ல இரு. மழை விடட்டும்."

"போறேன். அக்கா எங்க போவாங்க? பாய் எங்க போவாரு?"

"நான் பாத்துக்கறேன்."

"என்ன பாப்பீங்க? கீழ நின்னு கையால தாங்கிப்பீங்களா?" அவள் குரல் உயரவில்லை. "தினம் நான் மணலக் கூட்டி ஒளிச்சு வைக்கிறேன். அக்கா கேட்டாங்க, என்னடி இதுன்னு. எறும்புப் புத்துன்னு சொன்னேன். இன்னிக்குப் பூசையில உக்காந்திருக்கேன், சாமியார் என்ன சொன்னாருன்னு ஒரு வார்த்தை காதுல விழல. மேல போற பஸ்ல எத்தனை பேரு. அது மட்டும்தான் ஓடுது."

"சொன்னா என்னத் தூக்கி உள்ள வைப்பாங்க லின்சி. லைசென்ஸ் போயிரும். அப்புறம் என்ன சாப்பிடறது?"

மழை ஓட்டிலிருந்து வாளியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பாய் கையைக் கழுவாமல் காய்ந்த விரல்களோடு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஸ்டீபன்ராஜ் போனை எடுத்தார். பாலம் வேலையைப் பார்த்த என்ஜினியர் முருகானந்தம் தில்லைநகரில் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துப் பேசினார்.

"சார், ஸ்டீபன்ராஜ் பேசறேன் சார். நம்ம பாலத்து ரோடு என் வீட்டுக்கு நேரா கொஞ்சம் இறங்கிருக்கு சார்."

"மழையில இறங்கும்யா. நின்னதும் பாட்ச் போட்டுறலாம். ஞாயித்துக்கிழமை இதுக்கா போன் பண்ணே?"

"மணலும் கொஞ்சம் வருது சார்."

"கொஞ்சம் வரும். பலகைக்குப் பின்னாடி மணல் வராம இருக்க துணி விட்டிருக்கோம்ல, நின்னுரும். உனக்குத் தெரியாதா? டெஸ்டெல்லாம் பாஸ் ஆன ரோடு. வீட்டு வாசல்ல இருக்கறதால உனக்குப் பயம். வச்சிரவா?"

"சரி சார்."

அவர் சரி சார் என்றதும் லின்சி குனிந்து போனை எடுத்தாள்.

"சார், வச்சிராதீங்க. நான் அவரு வீட்ல பேசறேன். அவரு சொல்ல வந்தத முழுசா சொல்லல. எங்க வீட்டுக்கு நேரா அந்த ரோலர் வைப்ரேஷன் போடவே இல்ல. நான்தான் அமத்தச் சொன்னேன். எனக்குப் புள்ள தங்காதுன்னு. டெஸ்ட் எடுக்க வந்தவருக்கு வேற இடத்தக் காட்டிட்டாரு. மணல் கொஞ்சம் வரல சார், வாளியில அள்ளறேன். தூளி தானா ஆடுது. எங்களுக்குப் பயமா இருக்கு சார், வாங்க."

மறுமுனையில் துண்டித்துவிட்டாரோ என்று பாய் எட்டிப் பார்த்தார்.

"அம்மா" என்றது போன். "புள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பவே வெளிய வாங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாங்க. நான் கிளம்பிட்டேன்."

அவர் வருவதற்குள் சந்து காலியாகிக்கொண்டிருந்தது. அற்புதம்மாள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். என்ன என்று கேட்டவர்களிடம் "அப்புறம் சொல்றேன், முதல்ல நட" என்றார். பாய் செருப்புகளை மூட்டை கட்ட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு வந்தார். லின்சி தூளியை அவிழ்த்து அந்தப் புடவையிலேயே குழந்தையைச் சுற்றித் தூக்கிக்கொண்டாள். சுவரின் அடியில் நடக்கும்போது யாரும் பேசவில்லை. சத்தம் போட்டால் அதற்குக் கேட்டுவிடும் என்பது போல ஒவ்வொருவரும் அடி எடுத்து வைத்தோம்.

முருகானந்தம் மழைக்கோட்டும் கையில் கடப்பாரையுமாக வந்து நேராக மேலே சாலைக்கு ஏறினார். ஸ்டீபன்ராஜும் நானும் கூடப் போனோம். ஸ்டீபன்ராஜ் வீட்டுக்கு நேரே தாரில் விரல் நுழையும் அளவு வெடிப்பு ஓடி, மழைத் தண்ணீர் முழுவதும் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. எங்கும் நிரம்பவில்லை. முருகானந்தம் கடப்பாரையை வெடிப்பில் வைத்தார். குத்தவில்லை, வைத்தார். அது தன் எடையிலேயே உள்ளே இறங்கியது. அவர் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால் முழுசாகப் போயிருக்கும். அவர் அதை உருவிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"எல்லாரும் ஓரமா, தள்ளி, மெதுவா வாங்க" என்றார்.

போலீஸ் வந்து இரு பக்கமும் தடுப்பு வைத்தது. கடைசியாக வந்த பஸ்ஸை நடுவழியிலேயே பின்னால் எடுக்கச் சொன்னார்கள். டிரைவர் திட்டிக்கொண்டே எடுத்தார். நாங்கள் மாதா கோவில் பள்ளிக்கூட ஹாலில் படுத்தோம். படுத்தோமே தவிர யாரும் தூங்கவில்லை. அற்புதம்மாள் பெரிய அண்டாவில் கஞ்சி வைத்தார். அது ஒன்றுதான் அவருக்குச் செய்யத் தெரிந்தது போல, குடித்தவர்களையே மறுபடி மறுபடி குடிக்கச் சொன்னார்.

மறுநாள் முற்பகலில் மழை விட்டிருந்தது. தெருமுனையில் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். மேலே தார்ப்பாய் போட ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் இன்னும் ஏறவில்லை. பெரிய சத்தம் கேட்டது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். நான் கேட்கவில்லை. ஒரு பலகை, கதவு திறப்பது போலக் கீழ்ப்பக்கமாக நகர்ந்தது. அதன் பின்னால் மணல் இறங்கியது. தண்ணீர் மாதிரியே இறங்கியது. அற்புதம்மாளின் தகரத்தை அழுத்திப் படுக்க வைத்து, ஸ்டீபன்ராஜ் வீட்டு வாசற்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. ஜன்னல் கம்பிகளுக்குள்ளிருந்து திரும்ப வெளியே வழிந்தபோதுதான் நின்றது. உச்சியில் தார்ச்சாலை ஒரு நாக்கு போலத் தொங்கியது.

ஸ்டீபன்ராஜ் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். பாய் அவர் தோளில் கை வைத்தார். நெடுநேரம் கழித்து முருகானந்தம் வந்து, "வாப்பா, எழுதிக் குடுக்கணும்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

விசாரணையில் அற்புதம்மாள் தண்ணீரைத் தானும் பிடித்ததாகச் சொன்னார். தெருவில் எல்லோரும்தான் ரோலரை நிறுத்தச் சொன்னோம், ஸ்டீபன்ராஜ் ஒருவர்தான் காது கொடுத்துக் கேட்டார் என்றும் சொன்னார். விசாரித்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வழக்கு ஸ்டீபன்ராஜ் பேரிலும், டெஸ்ட் எடுத்தவர் பேரிலும், காண்டிராக்டர் பேரிலும் போட்டார்கள். அது இன்னும் நடக்கிறது.

சரிந்த பகுதியை முழுக்கத் தோண்டி எடுத்து மறுபடி நிரப்பினார்கள். இந்த முறை தண்ணீரை நிறுத்தாமல் விட்டு, ரோலரை முழு அதிர்வில் ஓட்டினார்கள். தெருவில் எல்லா வீட்டுச் சுவர்களும் வெடித்தன. யாரும் புகார் சொல்லவில்லை. முருகானந்தத்தை வேறு ஊர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அற்புதம்மாள் மெயின் ரோட்டில் கடை போட்டிருக்கிறார். கனி பாய் வீட்டை விற்கப் பார்த்தார். கேட்க ஆள் இல்லை. அங்கேயே இருக்கிறார். நான் ஸ்ரீரங்கத்துக்குக் குடிமாறி வந்துவிட்டேன்.

ஸ்டீபன்ராஜ் இப்போது மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். வாய்தாவுக்குத் திருச்சி வரும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போவார். பையன் நடக்கிறான், பேசுகிறான், நன்றாகத் தூங்குகிறான். லின்சி மட்டும் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து வாசலுக்குப் போய் நிற்கிறாளாம். அங்கே சுவர் எதுவும் இல்லை, வயல்தான் இருக்கிறது என்றார் ஸ்டீபன்ராஜ்.